இயற்கை ஒளியில் ஒரு பிறந்தநாள்

மே 9, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: அந்தப் படத்தில் இருப்பது என் அம்மா.

சொல்வதற்கு மூன்று இடைவெளிகள் கிடைத்தன. அறக்கட்டளையை நடத்தும் வசுந்தரா மேடம் படத்தைத் திரையில் பெரிதாக்கி, இந்தச் சிரிப்பைப் பாருங்கள், இந்த ஒரு சிரிப்பு போதும் என்று கைகளைக் கோத்துக்கொண்டபோது ஒன்று. வடிவமைப்பாளர் லோகேஷ், இதுதான் போஸ்டர், வேறு பேச்சே வேண்டாம் என்று மேசையைத் தட்டியபோது இன்னொன்று. பிறகு தேநீர் வந்தது. தேநீர் வரும் நேரத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், பாதிப் பேர் காதில் விழாது. அந்த மூன்றாவது இடைவெளியை நான் பிஸ்கட்டில் செலவழித்தேன்.

காப்பகத்தில் வேலை செய்பவள் தன் குடும்பத்தை ஆவணங்களோடு கலக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்று மாலை விடுதிக்கு நடந்து வரும் வழியில் நானே இயற்றிய விதி.

நாளைக்கு இதைப் படிக்கும் எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதால் விவரங்கள். இந்த அறக்கட்டளைக்குச் சந்திரபிம்பம் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து நாலாயிரம் நெகட்டிவ்களும் ஒரு தடித்த பதிவேடும் வந்திருக்கின்றன. அவற்றில் குழந்தைகளின் பிறந்தநாள் படங்களை மட்டும் பொறுக்கி மே 27 அன்று கண்காட்சி. பெயர்: ‘ஊது, மெழுகுவர்த்தியை!’ ஆச்சரியக்குறி மேடத்துடையது. நான் ஆறு மாத ஒப்பந்தத்தில் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, பதிவேட்டோடு எண்ணைப் பொருத்தி, பெயர், வயது, இடம், ஒளி என்று பட்டியலை நிரப்புகிறவள்.

எண் 1143. பதிவேட்டில் இப்படி இருக்கிறது: ‘16-6-68 ஞாயிறு. பூங்கோதை, த/பெ சின்னையன், கீழத்தெரு, வயது 5. பகல் 12.45. வெளி.’ அம்மா இந்த ஊரில்தான் பிறந்தாள். ரயில்வே கேங்மேனாக இருந்த தாத்தாவுக்கு மாற்றல் வந்து, அவளுடைய ஏழாம் வயதில் குடும்பம் திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. எனக்கு இங்கே யாரையும் தெரியாது. யாருக்கும் என்னையும் தெரியாது. ‘வெளி’ என்பதை நான் பட்டியலில் ‘வெளிப்புறம், இயற்கை ஒளி’ என்று நிரப்பியிருக்கிறேன். நல்ல கையெழுத்துக்காரர்கள் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்.

கூட்டத்தில் ஸ்டுடியோக்காரர் ஆதிமூலத்தின் மகன் பாலகுரு ஐயாவும் இருந்தார். இந்த ஊரில் கீழத்தெரு என்றால் யாரும் திசைகாட்டியை எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் அது அல்ல. காரணம் மேலே சொன்ன விதிதான்.


மே 11, வியாழன்

இன்று கேக் வந்தது. சாப்பிடுகிற கேக் இல்லை. ஸ்டுடியோவின் கேக். மூன்றடுக்கு, சுண்ணாம்பு மாவில் வார்த்து வெள்ளை அடித்தது. மேலே மரத்தில் செதுக்கிய ஐந்து மெழுகுவர்த்திகள், சிவப்பு வர்ணத்தில் சுடர். முப்பது வருடம் இந்த ஊரின் குழந்தைகள் எல்லாரும் இதன் முன்னால்தான் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள். ஒரு வயதுக்காரனுக்கும் ஐந்து மெழுகுவர்த்தி, எட்டு வயதுக்காரிக்கும் ஐந்து மெழுகுவர்த்தி. காலத்தை இவ்வளவு நேர்மையாக நிறுத்திவைத்த பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீழடுக்கில் சின்னதாக ஓரிடம் பெயர்ந்திருக்கிறது. 1971-இல் ஒரு வக்கீல் வீட்டுப் பையன் நம்பிக்கையோடு கடித்துவிட்டானாம். அதன்பிறகு எல்லாப் படங்களிலும் கேக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. தேதி இல்லாத நெகட்டிவ்களை இதை வைத்துப் பிரிக்கிறேன்: கடிக்கு முன், கடிக்குப் பின். வரலாற்றாசிரியர்கள் இதைவிட மோசமான கால எல்லைகளை வைத்துக்கொண்டு பேராசிரியர்களாகியிருக்கிறார்கள்.

நாள் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்கள் மெல்ல மெல்லப் புள்ளிவிவரமாகிவிடுகிறார்கள். மூத்த பையனுக்கு ஒவ்வொரு வருடமும் படம் இருக்கிறது. மூத்த பெண்ணுக்கு முதல் வயதிலும் ஐந்தாவது வயதிலும். இரண்டாவது பெண்ணுக்குப் பிறந்தநாளே வரவில்லை. அவள் அண்ணனின் படத்தில் பக்கத்தில் நிற்கிறாள், அண்ணனின் பழைய சட்டையில். 1964 வரை பையன்கள் குடுமியும் அரைஞாணும், அதன்பின் ஒரே பாய்ச்சலில் டை. பிறந்தநாள் என்பதே இந்த ஊருக்குள் யாரோ கொண்டுவந்து இறக்கிய சரக்கு போலிருக்கிறது; அதை எப்படிக் கொண்டாடுவது என்று ஊருக்கே தெரியாததால், கேக்கின் பக்கத்தில் குத்துவிளக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் இருக்கின்றன.

‘வெளி’ என்று குறித்த நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளையும் தனியாகப் பிரித்தேன். அவர்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமைதான் பிறந்திருக்கிறார்கள். மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய செய்தி.


மே 12, வெள்ளி

மேடம் போஸ்டருக்கான வாசகத்தை அனுப்பியிருக்கிறார். ‘மின்விளக்குகளின் செயற்கையை மறுத்து, குழந்தைகளை இயற்கை ஒளிக்கு அழைத்துச் சென்ற முன்னோடிக் கலைஞர் ஆதிமூலம்.’ நன்றாக இருக்கிறது. ‘இயற்கை ஒளி’ என்ற சொல் என் பட்டியலிலிருந்து எடுத்தது என்று நன்றியும் சொல்லியிருந்தார்.


மே 15, திங்கள்

ஆதிமூலத்தின் மகன் பாலகுரு ஐயா பதிவேட்டில் சில பெயர்களைத் தெளிவுபடுத்த வந்தார். எழுபது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கூடவே எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை. இனிமையான மனிதர். இதை இரண்டாவது முறையும் எழுதிவிடுகிறேன்: இனிமையான மனிதர்.

முதலில் வழக்கமான விசாரணை. சொந்த ஊர் எது? திருச்சி. திருச்சியில் எங்கே? பொன்மலை. பொன்மலையில்? இதற்குமேல் போனால் வீட்டுக் கதவு எண்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவரே ஒரு வழி கண்டுபிடித்து, ரயில்வேயா என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. ரயில்வே என்பது ஒரு சாதி. அதில் எல்லாரும் வரலாம், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

பிறகு நான் மேடத்தின் வாசகத்தைப் படித்துக் காட்டினேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ‘இயற்கை ஒளி’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“அது என்னம்மா?”

‘வெளி’ என்று குறித்த படங்களைச் சொல்கிறோம், வெளிப்புறத்தில் எடுத்தவை என்றேன்.

“வெளின்னா வெளிதாம்மா. கொல்லைப்பக்கம். கீழத்தெரு ஆளுங்க வந்தா உள்ள எப்படி விடுறது? அந்தக் காலத்துல மத்த ஸ்டுடியோக்காரன்லாம் வாசப்படியே மிதிக்க விடமாட்டான். எங்கப்பா யாரையும் வேணாம்னு சொன்னதே கிடையாது. சந்து வழியா பின்னால வரச்சொல்லி, தனியா ஏற்பாடே பண்ணி வெச்சிருந்தாரு. தனி திரை, தனி ஸ்டூலு, கேக்குகூட தனியா அட்டைல செஞ்சு வெச்சிருந்தாரு.”

லைட்?

“லைட்டு எதுக்கு? அதான் வெயிலு இருக்கே.”

ஏன் எல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்குமேல் என்று கேட்டேன். காலையில் உள்ளே வருகிறவர்களின் கூட்டம் முடிய வேண்டாமா என்றார். நியாயம்தான். ஞாயிறு ஏன்? அவர்களுக்கு அன்றுதானே லீவு. அதுவும் நியாயம். எல்லாமே நியாயமாக இருந்தது. அவர் குரலில் பெருமை இருந்தது, அப்பாவின் தாராள மனதைப் பற்றிய பெருமை. வேர்க்கடலை நன்றாக வறுபட்டிருந்தது. நான் பாதி சாப்பிட்டிருந்தேன்.


மே 16, செவ்வாய்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. துணி ஊறவைத்தது அப்படியே இருக்கிறது.


மே 17, புதன்

நூற்றுப் பன்னிரண்டு நெகட்டிவ்களையும் மறுபடி எடுத்தேன். ஸ்கேனில் நாங்கள் ஓரங்களை வெட்டித்தான் வைத்திருக்கிறோம், ஆதிமூலம் அச்சுப் போடும்போது வெட்டிய அதே அளவில். அவருடைய ‘பார்வை’யை மதிக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. இன்று முழு நெகட்டிவையும் ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய்தேன்.

வெட்டிய பகுதியில் இருப்பவை: கிணறு, ராட்டினம், துவைக்கும் கல், கொடியில் காயும் உள்பாவாடை, கவிழ்த்துவைத்த அண்டா. நடுவில் ஒரு மாளிகையும் படிக்கட்டும் அன்னப்பறவையும் வரைந்த திரை. திரையின் முன்னால் ஒரு குழந்தை. குழந்தைக்குக் காலடியில் மட்டும் நிழல், ஒரு தட்டு அளவுக்கு. எல்லாக் குழந்தைகளும் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கினால் மேலுதடு தானாக ஏறிப் பல் தெரியும். கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். சிரிப்பு மாதிரியேதான் இருக்கிறது.

உள்ளே எடுத்த படங்களில் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கண்ணை அகல விரித்துக்கொண்டு, மெத்தை நாற்காலியில், ஒயர் இல்லாத பொம்மை டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அழுவதற்கு ஒரு நொடி முன்பு இருப்பதுபோல இருக்கிறார்கள். ‘வெளி’க் குழந்தைகள்தான் ஊரிலேயே சந்தோஷமானவர்கள் என்று மேடம் முடிவுக்கு வந்ததில் அறிவியல் ரீதியாக ஒரு குறையும் இல்லை.

1143-இல் திரையின் இடது ஓரத்தை ஒரு கை பிடித்திருக்கிறது. காற்றில் பறக்காமல் இருப்பதற்காக இருக்கும். முழங்கை வரை தெரிகிறது. அதற்குமேல் நெகட்டிவே முடிந்துவிட்டது.


மே 19, வெள்ளி

வசுந்தரா மேடத்திடம் போனேன். பதிவேட்டு நகல், முழு ஸ்கேன்கள், நிழல்கள், நேரம், பாலகுரு ஐயா சொன்னது எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். என் அம்மாவை மட்டும் வைக்கவில்லை. ஆதாரம் போதுமான அளவு இருந்தது, இன்னொன்று எதற்கு?

மேடம் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப வலிக்கிறது என்றார். உண்மையிலேயே வலித்திருக்கும். பிறகு பேசினார்.

“நான் மறுக்கல சுடர். ஆனா இது குழந்தைங்களோட செலிப்ரேஷன். கேஸ் நடத்துற இடம் இல்ல. போஸ்டர் பிரின்ட் ஆயிடுச்சு. பாலகுரு சார் மனசு கஷ்டப்பட்டு நெகட்டிவ் எல்லாம் திருப்பிக் கேட்டா இந்த ஹிஸ்டரியே யாருக்கும் இல்லாம போயிடும். நீ இத ஒரு கட்டுரையா எழுது. அடுத்த வருஷ மலர்ல போடலாம்.”

மலர் என்றால் எதுவும் வாடாமல் இருக்கும் இடம். யாரும் திறப்பதில்லை என்பதால்.

நான் எழுந்துபோகும்போது, ஜூன் முதல் உதவிக் காப்பாளர் பதவிக்கு என் பெயரைக் குழுவுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். நிரந்தர வேலை. இரண்டையும் தொடர்புபடுத்திச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நிமிடம் ஏசியைச் சரிசெய்த கதையைப் பேசினார்.

நன்றி மேடம் என்றேன்.

நன்றி சொன்னது ஏசியைச் சரிசெய்ததற்கு என்று வைத்துக்கொள்ளலாம்.


மே 20, சனி

பேருந்து நிலையத்துக்கு எதிரே போஸ்டர் வைத்துவிட்டார்கள். எட்டடிக்கு ஆறடி. அம்மா, அட்டை கேக்கோடு, ஒரு செல்போன் கடைக்கும் மூலம் பவுத்திரச் சிகிச்சை விளம்பரத்துக்கும் நடுவில். அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிப்போனேன். சுற்று வழியில் நல்ல காற்று வரும்.

படித்ததெல்லாம் எனக்கு எப்படிப் பயன்படுகிறது என்று இன்று தெரிந்தது. ஒரு கோழைத்தனத்துக்கு ஒன்பது நல்ல பெயர்கள் எனக்குத் தெரியும். படிக்காதவளாக இருந்தால் ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பேன்.


மே 22, திங்கள்

அம்மா போன் செய்தாள். டெலிபோன் இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள். அவள் போனில் பேசினால் எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார். முகம் தெரியாத மனிதர்கள் தன்னிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள் என்று சின்ன வயதில் எனக்கு அடிக்கடி சொல்வாள். அதை அவள் நகைச்சுவையாகத்தான் சொன்னாள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சாப்பாடு, தண்ணீர், விடுதியின் பூனை எல்லாம் விசாரித்தாள். பிறகு சனிக்கிழமை கண்காட்சிக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு அன்று தலைக்குமேல் வேலை இருக்கும், பேருந்தில் கூட்டம் இருக்கும், அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை, வெயில் தாங்காது என்று அடுக்கினேன்.

“வெயிலு எனக்குப் புதுசாடி?”

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.  இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவள் ‘ஹலோ’ சொல்லவில்லை. தொழில் தெரிந்தவள்.

பிறகு சொன்னாள், போஸ்டர் வாட்ஸ்அப்பில் சுற்றி அவளுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அவள் தம்பி மகன் அனுப்பி, இது அத்தை மாதிரி இருக்கே என்று கேட்டானாம். அவளிடமும் இதே படம் இருந்தது, ரொம்ப வருடம் முன்பு வெள்ளத்தில் போயிற்று. ஒரு வாரமாக, நான் சொல்வேன் என்று தினமும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நானும் தினமும் பேசியிருக்கிறேன், பூனையைப் பற்றி.

நான் அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். கொல்லை, கிணறு, நிழல், மேடம் சொன்னது, பதவி. ஏன் முன்பே சொல்லவில்லை என்பதற்கு, உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். ஒன்பது பெயர்களில் இதுதான் மிக அழகானது.

“எனக்கென்ன கஷ்டம்? கொல்லையில நின்னது எனக்குத் தெரியாதா? சந்து வழியா போனோம். போற வழியில ஜன்னல்ல எட்டிப் பாத்தேன், உள்ள பெரிய கேக்கு இருந்துச்சு. எனக்கு ஏன் சின்னதுன்னு கேட்டேன். நீ சின்னப் பிள்ளைல்லன்னு அப்பா சொன்னாரு. சரின்னுட்டேன். அஞ்சு வயசு.” பிறகு கேட்டாள். “அவங்க வெளியில நிக்க வெச்சாங்க, சரி. நீ எதுக்குடி என்னைய வெளியில நிக்க வெச்சிருக்க?”

 


மே 23, செவ்வாய்

முழு ஸ்கேனை அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் உடனே வந்தன. பதில் மூன்று மணிநேரம் கழித்து: ‘லெஃப்ட்ல இருக்கறது அப்பா கை.’

தாத்தாவின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், ஓய்வுபெற்றபோது ரயில்வே அடையாள அட்டைக்கு எடுத்தது. இது முப்பது வயதுக் கை. அதை வெட்டியெறிந்த இடத்தில்தான் மேடத்தின் போஸ்டரில் ‘அனுமதி இலவசம்’ என்று அச்சாகியிருக்கிறது.


மே 25, வியாழன்

படச்சட்டங்கள் வந்தன. பதினான்கில் கண்ணாடி உடைந்திருக்கிறது. கொக்கிகள் போதவில்லை. அட்டை கேக்கைக் காட்சிக்கு வைக்கலாமா என்று லோகேஷ் கேட்டான். அது இப்போது எங்கே என்று பாலகுரு ஐயாவிடம் கேட்டோம். கரையான் தின்றுவிட்டதாம். ஒருவராவது அதைச் சாப்பிட்டதில் எனக்குத் திருப்தி.


மே 27, சனி

கலெக்டர் வரவில்லை. கோட்டாட்சியர் வந்தார். ரிப்பன், குத்துவிளக்கு, ஆதிமூலம் ஐயாவின் படத்துக்கு மாலை, பாலகுரு ஐயாவுக்குச் சால்வை. பதினொன்றரை மணிக்கு அம்மா வந்தாள், தனியாக, இரண்டு பேருந்து மாறி, மாம்பழ நிறச் சேலையில். நேரே பெரிய கேக்கிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். நான் பக்கத்தில் போனேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, இவ்வளவுதானா, நான் இன்னும் பெரிசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் என்றாள்.

கோட்டாட்சியரை அழைத்துச்சென்று விளக்குவது என் வேலை. மேடமும் கூடவே வந்தார். பின்னால் நாற்பது பேர், இரண்டு நிருபர்கள். கடைசிச் சுவரில் 1143. மேடம் இயற்கை ஒளியைப் பற்றித் தொடங்கி, குழந்தையின் தங்குதடையற்ற புன்னகை என்ற இடத்துக்கு வந்திருந்தார். கூட்டத்தின் விளிம்பில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. மேடம் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், ராங் நம்பரைக்கூடக் கடைசிவரை கேட்கிற பழக்கத்தில்.

 நான் தைரியமானவள் இல்லை, இதை எழுதுகிற இந்த நிமிடத்திலும் இல்லை. வாயைத் திறந்தது நான்தான் என்பது மட்டும் உறுதி.

“சார், அது சிரிப்பு இல்ல. பகல் பன்னெண்டே முக்கால் வெயில். கண்ணு கூசுது. கீழத்தெரு குழந்தைங்கள ஸ்டுடியோவுக்குள்ள விடல, கொல்லையில நிக்க வெச்சு எடுத்திருக்காங்க. பதிவேட்டுல ‘வெளி’ன்னு போட்டிருக்கு. அத இயற்கை ஒளின்னு தப்பா எழுதினது நான்தான். இவங்க பேரு பூங்கோதை. எங்க அம்மா. அதோ நிக்கிறாங்க.”

கோட்டாட்சியர் அம்மா இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பி, “அப்படியா? ரொம்ப சந்தோஷம்” என்றார்.

அரசு ஊழியருக்கு எந்தச் செய்திக்கும் சொல்வதற்கென்று ஒரு வார்த்தை தயாராக இருக்கும். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஒரு பத்து நொடி எல்லாரும் படத்தில் அந்தக் குழந்தையின் கண்ணையே பார்த்தார்கள். அந்தப் பத்து நொடி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நிருபர்களில் ஒருவர், அம்மா, படத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள் என்றார். கூட்டம் உயிர்பெற்றது. எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். மேடம் தன் முகத்தை எதில் வைப்பது என்று தெரியாமல், கடைசியில் நெகிழ்ச்சியில் வைத்தார். அம்மா படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சிரியுங்கள் என்றார்கள். ஃபிளாஷ் அடித்ததும் அவள் கண்ணைச் சுருக்கினாள். எல்லாரும், அதே சிரிப்பு, அதே சிரிப்பு என்றார்கள்.

பாலகுரு ஐயா சால்வையோடு வந்தார். வருத்தமா, கோபமா, வயதா என்று சொல்ல முடியாத நடை.

“நீ சின்னையன் மகளா? நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?” என்றாள் அம்மா. “அந்தச் சந்து இன்னும் இருக்கா?”

“இல்ல. அடைச்சு பாத்ரூம் கட்டிட்டோம்.”

அம்மா தலையாட்டினாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அப்பா கெட்டவர் இல்லை என்பது போல ஒன்று.  கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

பேருந்து நிலையத்துக்கு அம்மாவோடு நடந்தேன், நேர் வழியில். எட்டடி போஸ்டருக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டாள். நான் பேசியதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாமாம், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம்.


மே 28, ஞாயிறு

செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில், வண்ணத்தில்: ‘55 ஆண்டுகளுக்குப் பின் தன் சிரிப்பைச் சந்தித்த மூதாட்டி.’ நான் பேசியதில் ‘எங்க அம்மா’ மட்டும் அச்சேறியிருக்கிறது. கொல்லை இல்லை. வெளி இல்லை. இயற்கை ஒளி இருக்கிறது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.  அவளுக்குக் கோபம் ‘மூதாட்டி’ மேல்தான். அறுபது வயதுக்காரியை மூதாட்டி என்று எழுதுகிறவன் வீட்டு நம்பரைக் கேட்டாள்.


ஜூன் 10, சனி

மே 29, திங்களன்று 1143-இன் முழு நெகட்டிவை, கிணறு, துவைக்கும் கல், கை எல்லாவற்றோடும் அச்சிட்டு, பழைய படம் இருந்த ஆணியில் மாட்டினேன். கீழே பதிவேட்டு வரியை அப்படியே எழுதிவைத்தேன். புதன்கிழமை காலை அந்த ஆணியில் பழைய படம் இருந்தது. உதவிக் காப்பாளர் பதவி இந்த ஆண்டு நிரப்பப்படவில்லை. பாலகுரு ஐயா நெகட்டிவ்களைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. பட்டியலில் ‘இயற்கை ஒளி’ என்றிருந்த நூற்றுப் பன்னிரண்டு இடங்களையும் ‘கொல்லை, பகல்’ என்று திருத்திவிட்டுத்தான் கணினியை அணைத்தேன். இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் இறக்கிவைத்த அந்த முழுப் படத்தைத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை மாட்டவில்லை. ஆணி அடித்தால் சுவர் பெயரும் என்றாள். பீரோவில், ஓய்வூதிய உத்தரவுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.